பாபநாசமா, மாஞ்சோலையா, களக்காடா? நெல்லை மலைக்காட்டுக்கு வாசல் தேர்ந்தெடுப்பது எப்படி

திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்கோ லீவுக்கோ வருகிற சொந்தக்காரர்கள் அல்வா வாங்கி முடித்த கையோடு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஒரு நாள் கையில இருக்கு, மலைக்குப் போகணும், எங்க போகலாம்?" உடனே ஆளுக்கொரு பதில் வரும். பெரியவர்கள் பாபநாசம் என்பார்கள். காலேஜ் பிள்ளைகள் மாஞ்சோலை என்பார்கள். வள்ளியூர், ஏர்வாடிப் பக்கத்து ஆட்கள் திருக்குறுங்குடி மலை நம்பியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் குற்றாலத்தை இழுப்பார். பேசிப் பேசியே பொழுது போய், கடைசியில் பத்து மணிக்கு வண்டியை எடுத்து, ஏதாவது ஓர் அருவியில் கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

பாபநாசம், மாஞ்சோலை, களக்காடு, திருக்குறுங்குடி நான்கும் ஒரே காட்டின் நான்கு வாசல்கள். அந்தக் காட்டின் பெயர் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-இல் அறிவிக்கப்பட்ட முண்டந்துறை சரணாலயத்தையும், சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்காக 1976-இல் ஒதுக்கப்பட்ட களக்காடு சரணாலயத்தையும் ஒன்றாகச் சேர்த்து 1988-இல் உருவானது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். ஏறக்குறைய 895 சதுர கிலோமீட்டர். காடு ஒன்று என்றாலும் நான்கு வாசலுக்குள்ளும் நீங்கள் பார்க்கப்போவது ஒன்றல்ல. ஆகவே எந்த அருவி பேர்போனது என்று கேட்டு வாசலைத் தீர்மானிக்கக் கூடாது. யாரைக் கூட்டிப் போகிறீர்கள், எந்த மாதம், எந்த மாதிரிக் காட்டைப் பார்க்க ஆசை என்ற மூன்றையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புலி பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் இந்த நான்கில் எதுவுமே சரிப்படாது. புலி இருக்கிறது. ஆனால் அடர்த்தியான காடு, செங்குத்தான மலை, மக்கள் போக அனுமதியுள்ள பாதைகளோ மிகக் குறைவு. காலமெல்லாம் இந்த மலையடியில் வாழ்ந்தும் புலியைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். பிள்ளைகளிடம் "புலி பார்க்கப் போறோம்" என்று சொல்லிக் கூட்டிப் போனால் அவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். "மிளா, கருமந்தி, மலை அணில் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தா இருவாச்சி பார்க்கலாம்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். மிளா பெரிய மான், கருமந்தி கறுப்புக் குரங்கு, இருவாச்சி பெரிய அலகுள்ள பறவை. அந்தப் பட்டியலில் குறைந்தது இரண்டு நிச்சயம் கண்ணில் படும்.

மழையும் உயரமும்

வாசல்களை ஒப்பிடும் முன் மலையின் கணக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் சாதாரண ஆண்டில் பெய்கிற மழை 1,000 மில்லிமீட்டரை எட்டாது. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில், மாஞ்சோலைப் பக்கம் இருக்கும் கக்காச்சி, நாலுமுக்கு, ஊத்துப் பகுதிகளிலோ ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் மேலே கொட்டுகின்றன. கீழே முண்டந்துறை மேட்டுச் சமவெளியில் மழை குறைவு. அதனால் கீழே இலையுதிர் காடு, முள்மரங்கள், தேக்கு, வேங்கை, மருது. மேலே போகப் போக மரம் மாறி, ஆயிரம் மீட்டருக்கு மேல் வெயில் தரைக்கு இறங்காத பசுமைமாறாக் காடு.

தாமிரபரணி கோடையிலும் ஓடுவதற்குக் காரணம் இந்த மேல்காடுதான். தாமிரபரணியோடு சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு, கடனா, ராமநதி என்று நம் ஊர் வயல்களுக்குப் பாய்கிற ஆறுகள் எல்லாம் இந்தத் தொடரில்தான் பிறக்கின்றன. எந்த வாசலில் போனாலும் கடைசியில் ஓர் அணையையோ ஓர் அருவியையோதான் போய்ச் சேருவீர்கள்.

ஆக, கீழ்க்காடு வேண்டுமா, மேல்காடு வேண்டுமா? முதலில் இதற்கு விடை சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாபநாசம், முண்டந்துறை, காரையார்

மூன்று தலைமுறை ஒன்றாகப் போகிறது, ஆச்சிக்கு முழங்கால் வலி, கைக்குழந்தை ஒன்று இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், பாபநாசம்தான். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குள். பஸ் வசதி நிறைய. செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரத்தில் இறங்கியும் போகலாம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வயலும் மலையுமாகக் கூடவே வரும்.

பாபநாசநாதர் கோவில், படித்துறை, மேலே அகத்தியர் அருவி. இந்த அருவிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. குற்றாலம் வறண்டு பாறை தெரிகிற மாசி, பங்குனியிலும் இங்கே தண்ணீர் விழும். மேலே அணையும் மின்நிலையமும் இருப்பதால் ஆற்றில் நீர் ஓட்டம் நிற்பதில்லை. கோடை லீவில் வருகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சோதனைச்சாவடி தாண்டியதும்தான் காடு. சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒருமுறை எங்களுக்கு முன்னால் நின்ற வேனில் வனக்காப்பாளர் ஒவ்வொரு பையாகத் திறந்து, ஷாம்பு சாஷேக்கள், சோப்பு, பிளாஸ்டிக் கவரில் கட்டிய சீயக்காய்ப் பொடி என்று எடுத்து ஒரு மர மேசையில் வரிசையாக அடுக்கினார். வேனில் வந்த பெரியம்மா ஒருவர், "தம்பி, எண்ணெய் தேச்சுட்டு வந்துட்டோம், சீயக்காய மட்டும் விடுங்க" என்று கெஞ்சினார். "ஆச்சி, சீயக்காய ஒரு டம்ளர்ல கொட்டிக் கொண்டு போங்க, கவர இங்க குடுத்துருங்க" என்றார் அவர். பெரியம்மா டிபன் கேரியர் மூடியில் கொட்டிக்கொண்டார். எனக்கு அந்த வனக்காப்பாளர் மேல் பெரிய மரியாதை வந்தது. அந்தக் கவர் ஆற்றில் இறங்கினால் மிளா மேய்கிற கரையில்தான் போய் ஒதுங்கும். மிளாவுக்கு உப்பு வாசம் பிடித்த கவருக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாது.

முண்டந்துறையில் பாதை பிரிகிறது. ஒன்று சேர்வலாறு அணைக்கு, இன்னொன்று சொரிமுத்து அய்யனார் கோவில் வழியாகக் காரையாருக்கு. இந்தத் தூரம் முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். காலை ஏழு ஏழரைக்குள் சாவடியைத் தாண்டிவிட்டால் சாலையோரம் புள்ளிமான் கூட்டமும் கருமந்தியும் சர்வசாதாரணம். பதினோரு மணிக்குப் போனால் நாட்டுக்குரங்கு மட்டும்தான். அதுவும் நம் கையில் இருக்கும் பழத்துக்காக. எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துக் கொடுத்துத்தான் அவை ரோட்டோரத்திலேயே கிடந்து வண்டியில் அடிபடுகின்றன.

காரையார் என்று நாம் சொல்கிற பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி. அணைக்குப் பின்னால் பொதிகை மலை நிற்கிற தோற்றம் இந்தப் பயணத்திலேயே பெரிய காட்சி. பாணதீர்த்த அருவிக்கு அந்தக் காலத்தில் அணைக்குள் படகில் போவார்கள். அப்பா, தாத்தா சொன்ன அந்தக் கதையை நம்பிப் படகு சவாரிக்கென்று கிளம்பிவராதீர்கள். படகு நின்று பல வருடம் ஆகிறது.

சொரிமுத்து அய்யனார் கோவில் பலருக்குக் குலதெய்வம். பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை கட்டுவது இங்கே வழக்கம். குலதெய்வத்துக்குப் போகிறவர்கள் ஆடி அமாவாசைக்குத்தான் போவார்கள், போகவும் வேண்டும். ஆனால் காடு பார்க்க நினைப்பவர்கள் அந்த ஒரு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். லட்சக்கணக்கில் ஜனம் கூடும். தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்தி அரசுப் பேருந்தில் ஏற்றுவார்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு விலங்குகள் உள்ளே ஒதுங்கிவிடும்.

இந்த வாசலின் குறை என்னவென்றால், இங்கே மேல்காடு கிடையாது. பிற்பகலில் புழுக்கம் இருக்கும். "மலைக்குப் போனோம், குளிரவே இல்லையே" என்று பிள்ளைகள் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை அருவியில் நிற்க இடம் இருக்காது. இதையெல்லாம் தாண்டி முதல்முறை வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாதி நாள் மழையில் போனாலும் மீதிப் பாதியில் பார்க்க ஏதாவது இருக்கும்.

மணிமுத்தாறு, மாஞ்சோலை, குதிரைவெட்டி

மேல்காடு வேண்டும் என்பவர்களுக்கு வண்டி போகிற ஒரே நல்ல வழி இது. கல்லிடைக்குறிச்சியில் பிரிந்து மணிமுத்தாறு அணை, அருவி, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்ட ஊர்கள் வரிசையாக வரும்.

பலரும் மாஞ்சோலைக்குத் தேயிலை பார்க்கப் போகிறார்கள். தேயிலையை மூணாறிலும் பார்க்கலாம், வால்பாறையிலும் பார்க்கலாம். மாஞ்சோலைச் சாலையின் அருமை அது ஏறுகிற விதத்தில் இருக்கிறது. அருவியைத் தாண்டும்போது உடைமரமும் பாறையுமாக இருக்கிற மலை, சில வளைவுகளுக்கு அப்புறம் மூங்கிலும் தேக்குமாக மாறும். அதற்கும் மேலே போனால் காற்றின் வாசனையே மாறிவிடும். ஒரே காலைப் பொழுதில் இத்தனை விதக் காட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கிற சாலை தென்தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கக்காச்சிப் பக்கம் நிறுத்தினால் மேலே பார்க்கும் முன் கீழே பாருங்கள். முள்ளு முள்ளாக, முஷ்டி அளவில், பச்சையும் பழுப்புமாகக் காய்த் தோடுகள் பாதையோரம் கிடந்தால் தலைக்கு மேலே வெடிபலா மரம் நிற்கிறது என்று அர்த்தம். தோடு பிளந்து, உள்ளே கொட்டை இருந்த குழி மட்டும் ஈரமாக இருந்தால், அதைத் தின்ற ஆள் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்போது பேச்சை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கிளையிலிருந்து இன்னொரு தோடு விழும். அது விழுந்த மரத்தை அண்ணாந்து பார்த்தால், கறுப்பு உடம்பும் முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியுமாக சோலைமந்தி உட்கார்ந்திருக்கும். அந்த முள்தோட்டைப் பல்லால் கிழித்துக் கொட்டையைத் தோண்டி எடுக்கிற லாகவத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் இந்தக் குரங்கு கிடையாது. வெடிபலா நிற்கிற மேல்காட்டை விட்டு இது கீழே இறங்குவதும் அபூர்வம். அதனால்தான் பாபநாசம் வழியில் இதைத் தேடிப் பயன் இல்லை.

தனி வாகனத்தில் போக வனத்துறை அனுமதி வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, மழை பெரிதானால் அன்றைக்கே மறுத்துவிடுவார்கள். அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் முந்தின நாளே கேட்டுவிடுவது நல்லது. என்னைக் கேட்டால் சொந்த வண்டியைவிட அரசுப் பேருந்தே மேல். அந்த வளைவுகளில் தினமும் ஓட்டுகிற டிரைவர் கையில் நாம் நிம்மதியாக உட்கார்ந்து காட்டைப் பார்க்கலாம். நேரத்தைக் கிளம்பும் முன் பேருந்து நிலையத்தில் கேட்டுக்கொண்டு, திரும்பி இறங்குகிற பஸ்ஸையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே தங்க இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இங்கே போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரில் உருவானவை இந்தத் தோட்டங்கள். குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இல் தோட்டங்களை நடத்திய நிறுவனம் தொழிலை நிறுத்தி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று அறிவித்தது. நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த லைன் வீடுகளை விட்டு இறங்குவதா என்று கோர்ட்டு வரை போய் நின்றார்கள். 1999 ஜூலை 23-இல் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விழுந்து 17 பேர் இறந்ததும் இதே தோட்டத் தொழிலாளர்களுக்கான போராட்டத்தில்தான். நீங்கள் போட்டோ எடுக்கிற அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுப்பதைத் தவிருங்கள். யாராவது இருந்தால் பேசுங்கள். டீ கிடைத்தால் காசு கொடுத்துக் குடியுங்கள். காடு திரும்ப வளர வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். அந்த மக்களுக்குக் கீழே கௌரவமான வீடும் பிழைப்பும் வேண்டும் என்றும் அதே அளவுக்கு விரும்புகிறேன்.

குறைகள்: கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள் உண்டு. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்களுக்குச் சாலை ஒத்துவராது. மழைக்காலத்தில் அட்டை. உப்பை ஒரு சிறு துணியில் முடிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடித்த இடத்தில் ஒற்றினால் விட்டுவிடும். பிய்த்து எடுக்காதீர்கள். மணிமுத்தாறு அருவியின் அடியில் இருக்கும் தடாகம் ஆழமானது. கம்பித் தடுப்புக்கு உள்ளே நின்று குளித்தால் போதும்.

களக்காடும் திருக்குறுங்குடியும்

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு, நடக்கப் பிடித்தவர்களுக்கு களக்காடு. வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற சாலை நேராக மலைக்குள் நுழையும். தலையணை என்ற இடத்தில் பச்சையாற்றுத் தண்ணீர் தடுப்பணையில் தேங்கி வழிகிறது. பெரிய அருவி கிடையாது, ஆழமும் அதிகம் கிடையாது. பயந்த பிள்ளைகளை முதல்முறை ஓடுகிற தண்ணீரில் இறக்க இதைவிட நல்ல இடம் நெல்லைச் சீமையில் இல்லை. உள்ளூர்க்காரர்கள் கட்டுச்சோற்றோடு வந்து மதியம் வரை இருந்துவிட்டுப் போவார்கள்.

செங்கல்தேரி அதற்கும் மேலே. அங்கேதான் களக்காட்டின் மேல்காடு. சாலை கரடுமுரடு, ஜீப் வேண்டும், வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். அனுமதி கிடைப்பதும் எளிதல்ல. மாஞ்சோலையில் பார்க்கிற அதே காட்டை இங்கே தேயிலை குறுக்கிடாமல் பார்க்கலாம் என்பதால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம். ஆனால் ஒரு நாள் லீவில் வந்தவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். அனுமதிக்காகக் காத்திருக்கப் பொறுமையும் மறுத்தால் திரும்பி வர மனமும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் செங்கல்தேரி.

திருக்குறுங்குடி தனிக் கணக்கு. ஊருக்குள் அழகிய நம்பி, 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மலைமேல் காட்டுக்குள் மலை நம்பி. நம்பியாற்றை ஒட்டி ஜீப்பிலோ நடந்தோ ஏற வேண்டும். இந்த ஊர் நம்பியைப் பாட விரதமிருந்து வந்த பாணர் நம்பாடுவானை வழியில் பிரம்மராட்சசன் மறித்த கதையை, இன்றைக்கும் கைசிக ஏகாதசி இரவில் கோவிலில் நடிக்கிறார்கள். சாமி கும்பிடுகிறவர்களும் காடு பார்க்க ஆசைப்படுகிறவர்களும் ஒரே குடும்பத்தில் இருந்து சண்டை வந்தால், இரண்டு பேரையும் சமாதானப்படுத்துகிற வாசல் இது. மலையேறிய களைப்பும் இருக்கும், தரிசனமும் கிடைக்கும். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.

குற்றாலம் இந்த ஒப்பீட்டில் சேராது. 2019-இல் மாவட்டம் பிரிந்து அது தென்காசிக்குப் போய்விட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறோம், காடு பார்க்கப் போவதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் அந்தச் சுகமே தனி. அதைக் காட்டுப் பயணத்தோடு ஒரே நாளில் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும்.

எந்த மாதம்

பொங்கல் முடிந்து மாசி நடுவரைக்கும் உள்ள நாட்கள்தான் எல்லா வாசலுக்கும் ஏற்றவை. மழை விட்டிருக்கும், ஆறு நிறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வனவிலங்குக் கணக்கெடுப்புக்காகச் சில நாள் காப்பகத்தை மூடுவார்கள். அந்த அறிவிப்பு நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில் வரும்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் கீழ்க்காடு காய்ந்திருக்கும், காட்டுத்தீ பயம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. நடக்க ஆசை உள்ளவர்கள் வனத்துறை நடத்துகிற ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். உள்ளூர்ப் பையன் ஒருவன் "அண்ணே, எனக்கு வழி தெரியும், வாங்க" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் அபராதம் இரண்டாம்பட்சம். காட்டுக்குள் ஏதாவது ஆனால் தேடி வர யாருக்கும் நீங்கள் இருக்கிற இடம் தெரியாது. கோடைக்கு அகத்தியர் அருவி, முண்டந்துறை காலைப் பயணம். அனுமதி இருந்தால் மாஞ்சோலை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மேலே பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும், தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததும் நமக்கு மறக்காது. மாஞ்சோலைத் தோட்டங்களிலும் அன்றைக்குப் பேய்மழை. கோடையிலும் இந்த ஆபத்து உண்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பள்ளி மாணவன் ஒருவனை இழுத்துக்கொண்டு போனது. அருவியில் தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, யார் என்ன சொன்னாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள்.

பொதிகை உச்சிக்கே போக வேண்டும் என்றால்

1,868 மீட்டர் அகத்தியமலை உச்சிக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நெல்லைப் பக்கத்தில் வழி கிடையாது. கேரளத்தின் போணக்காட்டிலிருந்து, கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்து, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். நடுவில் அதிருமலை முகாமில் தங்கி ஏறி இறங்குவார்கள். நல்ல உடம்பு வேண்டும். 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களையும் அனுமதிக்கச் சொன்னதிலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள். இது நாள் கணக்கில் எடுக்கிற பயணம் என்பதால், ஒரு நாள் வாசல்களோடு இதைத் தராசில் வைக்க முடியாது. தனியாகத் திட்டமிடுங்கள்.

ஆக, என் தீர்ப்பு

சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிற அத்தான், மதினி கேட்டால் பாபநாசம், காரையார். காலை ஐந்தரைக்கு நெல்லையை விட்டுக் கிளம்பணும் என்ற ஒரே நிபந்தனையோடு. காட்டை உண்மையிலேயே பார்க்கத் தெரிந்த, பார்க்கப் பொறுமை உள்ள இரண்டு மூன்று பேர் என்றால் மாஞ்சோலை பஸ், குதிரைவெட்டி வரை. சின்னப் பிள்ளைகள் மட்டும், பெரிய பயணம் வேண்டாம் என்றால் தலையணை. தாத்தாவும் பேரனும் சேர்ந்து போவதென்றால் மலை நம்பி. ஒரே நாளில் காரையாரும் மாஞ்சோலையும் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். வரைபடத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். இரண்டு சாவடி, ஒரு மலை ஏற்ற இறக்கம், மாலைக்குள் வெளியே வரணும் என்ற விதி எல்லாம் சேர்ந்தால் நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும்.

எந்த வாசலுக்குப் போனாலும் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புளியோதரை, தயிர்சாதம், கல்லிடைக்குறிச்சி அப்பளம், எல்லாம் எவர்சில்வர் டப்பாவில். தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில். வாழையிலை கொண்டு போனால் அதையும் திரும்பக் கொண்டு வாருங்கள். இலையில் ஒட்டிய சோற்றுக்குக் கரடியும் பன்றியும் வரும், அப்புறம் அவை ஊருக்கும் வரும்.

சாவடிக்குப் போன பிறகு "இன்னைக்கு அனுமதி இல்லை" என்று சொல்லிவிட்டார்களா? வனக்காப்பாளரோடு வாதாட வேண்டாம். வண்டியைத் திருப்பி, வீரவநல்லூர்ப் பக்கம் திருப்புடைமருதூருக்கு விடுங்கள். கடனா நதி தாமிரபரணியோடு சேர்கிற இடம். ஊருக்குள் இருக்கிற மருத மரங்களிலேயே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதால் 2005-இல் அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. தையிலிருந்து ஆனிக்குள் போனால் கூட்டில் குஞ்சுகளையும் பார்க்கலாம். கொண்டு வந்த கட்டுச்சோற்றை ஆற்றங்கரையில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, அனுமதி எப்போது கிடைக்கும் என்று அம்பாசமுத்திரத்தில் கேட்டுக்கொண்டு வீடு திரும்பலாம்.